பழுது பார்த்த பிறகும் பழுது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் காரின் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானதால் ஒரு பணிமனையில் விட்டேன். ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையே அடைப்பாக இருக்கும் தகடு) போய்விட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில், சுமார் 1,200 கிலோமீட்டர் ஓடிய நிலையில், மீண்டும் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. திரும்பக் கொண்டுபோனால், “இது வேறு பழுது, எங்கள் வேலையில் குறையில்லை, மறுபடி இறக்கிப் பார்க்கத் தனிக் கூலி” என்கிறார்கள். இன்னொரு மெக்கானிக் உடனே பிரித்துச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். அவரிடம் கொடுத்துவிட்டு, முதல் பணிமனையிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம்; ஆனால் இந்த வரிசையில் செய்தால் கிடைப்பது கடினம். இரண்டாவது மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிய நிமிடமே, முதல் பணிமனை அதை எந்த நிலையில் பூட்டியது என்பதற்கான சாட்சியம் அழிந்துவிடுகிறது. “பிரித்தவர்தான் கெடுத்தார்” என்று பிறகு அவர்கள் சொன்னால், மறுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. நியாயம் தன் பக்கம் இருந்தும் ஒருவரைத் தோற்கவைப்பது பெரும்பாலும் இந்த அவசரமே.

முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். முள் சிவப்பைத் தொடும் நிலையிலும் ஓட்டிக்கொண்டிருந்தால், அதனால் கூடும் சேதம் உங்கள் பொறுப்பாகிவிடும். பணிமனைக்கு அதைவிட நல்ல வாதம் கிடைக்காது. இன்றைய தேதியில் ஓடோமீட்டர் எண்ணையும், கூலன்ட் தொட்டியின் அளவையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பில்லையும், வண்டியை விட்டபோது வேலைகளைக் குறித்துத் தந்த ஜாப் கார்டையும் தேடி எடுங்கள். “ஹெட் கேஸ்கெட் மாற்றியது” என்று மட்டும் எழுதியிருக்கிறதா, “என்ஜின் சூடாகும் குறை சரிசெய்யப்பட்டது” என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னது உங்களுக்குப் பெரும் பலம். முன்னது இருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை.

அடுத்து, இந்தத் தகராறில் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம், எதையும் பிரிக்காமல் செய்யக்கூடிய இரண்டு சோதனைகளை மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, குளிர்விப்பு அமைப்புக்குக் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து வெளியே எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, ரேடியேட்டர் அல்லது கூலன்ட் தொட்டியின் வாயில் நீல நிற ரசாயனம் நிரம்பிய குழாயை வைத்துப் பார்ப்பது; எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்துகொண்டிருந்தால் அந்த நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். அவர்கள் தொடாத ஒரு ரப்பர் குழாயிலிருந்து கசிவது தெரிந்து, நீலம் மாறாமலும் இருந்தால், பணிமனை சொன்னதே உண்மையாக இருக்கக்கூடும். அதை நீங்கள் மனமார ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நிறம் மாறினால், எரிந்த வாயு என்ஜினின் சிலிண்டரிலிருந்து கூலன்ட்டுக்குள் வருகிறது என்று பொருள். சந்தேகம் அந்த வேலையின்மீதே திரும்புகிறது.

புதிய கேஸ்கெட் ஏன் மூன்று வாரத்தில் விட்டுக்கொடுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும். ஒருமுறை கடுமையாகச் சூடான அலுமினிய ஹெட் வளைந்துபோக வாய்ப்புண்டு. நேர்ச்சட்டத்தையும் ஃபீலர் கேஜையும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அதன் சமதளத்தை அளக்க வேண்டும். பல என்ஜின்களில் பொறுத்துக்கொள்ளக்கூடிய வளைவு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான், அதாவது ஒரு தலைமயிரின் தடிமன். அதற்கு மேல் இருந்தால் ஹெட் ஃபேஸிங் (தளத்தைச் சீவிச் சமப்படுத்துவது) செய்யாமல் எவ்வளவு உயர்ந்த கேஸ்கெட்டைப் போட்டாலும் அடைக்காது. இன்றைய என்ஜின்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போதே நீளும்படி செய்யப்பட்டவை. அவற்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். பொதுவாக நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவில் முறுக்க வேண்டும். ஆகவே ஹெட் அளக்கப்பட்டதா, ஃபேஸிங் நடந்ததா, போல்ட்டுகள் புதியவையா என்ற மூன்றுக்கும் பில்லில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் முக்கியமான ஒன்று. ஹெட் கேஸ்கெட் தானாகப் போவதைவிட, சூடேறியதன் விளைவாகப் போவதே அதிகம். அடைபட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், சுழலாத விசிறி, தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றில் எது காரணம் என்று பார்க்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால், அவர்கள் செய்தது பாதி வேலை. ஆனால் “ரேடியேட்டரையும் மாற்ற வேண்டும்” என்று அவர்கள் அப்போது சொல்லி, செலவைக் கருதி நீங்கள் மறுத்திருந்தால், பொறுப்பில் உங்களுக்கும் பங்குண்டு. இதை உங்களுக்கு நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் எவரேனும் நிச்சயம் கேட்பார்.

இதன்பின் பணிமனை உரிமையாளரை நேரில் பார்த்து, குரலை உயர்த்தாமல், சோதனை முடிவைக் காட்டிப் பேசுங்கள். தன் வேலை திரும்பி வருவது எந்தக் கைத்தொழில்காரருக்கும் தலைகுனிவுதான். கூட்டத்தின் நடுவே குற்றஞ்சாட்டினால் அவர் ஒப்புக்கொள்வது அரிது. அன்றே பேசியதை எழுத்தாகவும் அனுப்பிவிடுங்கள். இவ்வளவு போதும்: “இன்ன தேதியில், இன்ன எண் பில்லின்படி நீங்கள் ஹெட் கேஸ்கெட் மாற்றினீர்கள். 1,200 கிலோமீட்டருக்குள் அதே குறை திரும்பியிருக்கிறது. சோதனை முடிவை இணைத்துள்ளேன். வண்டியைப் பரிசோதித்துக் கூலியின்றிச் சரிசெய்து தருமாறு கேட்கிறேன். 10 நாட்களுக்குள் பதில் இல்லையெனில் வேறிடத்தில் பிரிக்கப்படும். அப்போது நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ உடனிருக்கலாம்.”

அவர்கள் மறுத்தால் அல்லது மௌனமாக இருந்தால், அப்போது இரண்டாவது மெக்கானிக் பிரிக்கட்டும். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுங்கள். ஹெட்டின் வளைவை அளந்து எண்ணோடு எழுதி, அவர் கையொப்பமிட்டுத் தரட்டும். பழைய கேஸ்கெட்டையும் போல்ட்டுகளையும் தூக்கி எறியாமல் பையிலிட்டுத் தேதி எழுதி வையுங்கள். நீங்கள் கோர வேண்டியது, அந்த வேலையைத் திரும்பச் செய்ய ஆன நியாயமான செலவு. ஓடாத நாட்களுக்கும் மன உளைச்சலுக்கும் பெருந்தொகை சேர்த்துக் கேட்டால், பேச்சிலேயே முடியக்கூடிய விஷயமும் முறிந்துவிடும். அதற்கும் இணங்காவிட்டால், நுகர்வோர் மன்றமோ சிறு வழக்குகளுக்கான நீதிமன்றமோ உங்கள் நாட்டில் எது இருக்கிறதோ, அங்கே இந்தக் காகிதங்களே உங்களுக்காகப் பேசும். புகார் கொடுக்கக் காலவரம்பு உண்டு என்பதால் பேச்சுவார்த்தையை மாதக்கணக்கில் இழுக்க விடாதீர்கள்.

கேள்வி: பிரேக் பேட் மாற்றி வண்டியை எடுத்து வந்த அன்றே பெடல் மெத்தென்று கீழே இறங்குகிறது. கடைக்கு மெதுவாக ஓட்டிச் சென்று காட்டலாமா?

பதில்: வேண்டாம். பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது எங்கேனும் எண்ணெய் கசியலாம்; இரண்டிலும் அடுத்த மிதிப்பில் பெடல் முற்றிலும் இறங்கிவிடக்கூடும். தொலைபேசியில் சொல்லி அவர்களையே வரச் சொல்லுங்கள், அல்லது இழுவை வண்டியில் அனுப்பி அந்த ரசீதையும் வேலைக் குறையின் செலவாகச் சேர்த்துக் கேளுங்கள். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

கேள்வி: செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி 0171 என்ற குறியீடு வந்ததாகச் சொல்லி ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். நான்கு நாளில் அதே விளக்கு. “சென்சார் புதியதுதான், நன்றாக வேலை செய்கிறது” என்கிறார்கள். அது உண்மையும்கூட. அப்படியானால் நான் என்ன சொல்லி வாதாடுவது?

பதில்: சென்சாரைப் பொருத்தியதில் குறை இல்லாமல் இருக்கலாம், குறை நோயறிந்த விதத்தில் இருக்கிறது. பி 0171 என்பது என்ஜினின் ஒரு பக்கத்தில் காற்று அதிகமாகவும் எரிபொருள் குறைவாகவும் கலக்கிறது என்ற செய்தி மட்டுமே. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. அந்தச் செய்தியைக் கொண்டுவருவதே, புகைபோக்கியில் எஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார்தான். காற்றுக் குழாயில் வெடிப்பு, அழுக்கேறிய காற்றளவு சென்சார், குறைந்த எரிபொருள் அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் சென்சாரின்மீது பழி போட வேண்டும். ஆகவே, “மாற்றுவதற்கு முன் என்னென்ன சோதித்தீர்கள், அவற்றின் முடிவுகள் என்ன?” என்ற ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லி நீங்கள் கேட்டிருந்தால், அணையாத விளக்குக்கு அவர்களே பதில் சொல்ல வேண்டும். “இந்தச் சென்சாரை மாற்றிக் கொடுங்கள்” என்று நீங்களே சொல்லியிருந்தால் நிலை வேறு.

யாரும் குறியீட்டை அழிக்க விடாதீர்கள். விளக்கு எரிந்த கணத்தில் என்ஜினின் வேகம், சூடு, சுமை ஆகியவற்றைக் கணினி பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஸ்கேனர் திரையை முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒப்புக்கொண்ட எஸ்டிமேட்டைவிட மிக அதிகமாகப் பில் போட்டிருக்கிறார்கள். கூடுதல் வேலைக்கு என்னிடம் கேட்கவே இல்லை. முழுத்தொகையும் தராமல் வண்டியை விட மாட்டோம் என்கிறார்கள். மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது.

பதில்: மாற்றுச் சாவியை மறந்துவிடுங்கள். ஒப்புக்கொண்ட வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமையைப் பல நாடுகளின் சட்டம் பழுதுபார்ப்பவருக்குத் தருகிறது. சொல்லாமல் எடுத்துச் சென்றால் குற்றம் உங்கள்மேல் திரும்பும். பணம் கொடுத்து வண்டியை எடுத்தபின் காசோலையை நிறுத்துவதும் அதே வகைதான்.

ஒப்புக்கொண்ட தொகையை உடனே தரத் தயார் என்று எழுத்தில் சொல்லுங்கள். கேட்காமல் செய்த வேலைக்கு ஒப்புதல் எங்கே என்று பில்லில் வரிக்கு வரி காட்டச் சொல்லுங்கள். பலர் இந்தக் கட்டத்திலேயே தொகையைக் குறைப்பார்கள். குறைக்காமல், வண்டியும் உடனே தேவைப்பட்டால், முழுத்தொகையைக் கட்டிவிட்டு, பில்லின் இரு பிரதிகளிலும் “கூடுதல் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சிட்ட வரி இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகங்களை வாசலைத் தாண்டும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்பார்கள்.