பாறு என்று சொல்லுங்கள்

கேள்வி: கழுகு அழிந்ததால் மனிதர்கள் செத்தார்கள் என்று ஓர் ஆராய்ச்சி சொல்கிறதாம். பிணந்தின்னிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் இறங்கும் காட்டெருமைகளுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கக் கூடாதா?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: பிணந்தின்னி! இந்தச் சொல்லோடு இதே பக்கத்தில் எத்தனை முறை மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்தப் பறவைக்குப் பாறு என்று நல்ல பெயர் இருக்கிறது. சங்கப் பாட்டிலேயே பாறு உண்டு, எருவை உண்டு. அதையெல்லாம் தொலைத்துவிட்டு, ஆளைத் திட்டுகிற சொல்லை அதன் தலையில் கட்டியிருக்கிறோம். செத்த ஆட்டை நாம் தின்றால் கறி, பாறு தின்றால் பிணமா? ஊரைச் சுத்தம் செய்கிறவர்களைத் தூய்மைப் பணியாளர் என்று மரியாதையாக எழுதக் கற்றுக்கொண்டோம். இந்தப் பறவை செய்ததும் அதே வேலைதான்.

ஓமலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மாடு செத்தால் தோலை உரித்துவிட்டு ஏரிக்கரையில் இழுத்துப் போடுவார்கள். காலையில் போட்டது, நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வெறும் விலா எலும்பாகக் கிடக்கும். நாற்றம் இருக்காது. தின்று வயிறு கனத்த பாறுகள் எழும்ப முடியாமல் கரையோரம் தத்தித் தத்தி நடக்கும். அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, அப்படிப்பட்ட வயிறு.

அந்த வயிற்றை மாட்டுக்குப் போட்ட வலி ஊசி வென்றுவிட்டது. டைக்ளோஃபினாக் என்ற அந்த மருந்து ஏறிய மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோகும். 2004இல்தான் காரணமே தெரிந்தது. வெண்முதுகுப் பாறு 1992இலிருந்து 2007க்குள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சியது. நீங்கள் சொல்லும் ஆராய்ச்சி 2024இல் வந்தது. செய்தவர்கள் இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள். பாறுகள் நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் அவ்வளவாக இல்லாத மாவட்டங்களையும் பக்கத்தில் வைத்துச் சாவுக் கணக்கைப் பார்த்தார்கள். பாறு போன மாவட்டங்களில் மனிதச் சாவு நான்கு சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஐந்து லட்சம் பேர். தின்ன ஆளில்லாத மாடு தண்ணீரில் அழுகியது, தெருநாய் பெருகியது, நாய்க்கடியும் வெறிநோயும் கூடவே வந்தன. ஐந்து லட்சம் மனிதர்கள், ஐயா! பறவையை எண்ணியவர்களால்தான் இவர்களையும் எண்ண முடிந்தது.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று 2006இலேயே தடை வந்துவிட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று 2015இல் அந்தப் பெரிய குப்பியையும் நிறுத்தினார்கள். அப்புறமும் வாழப்பாடிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில், "மாடு எந்திரிக்க மாட்டேங்குது" என்று வந்தவருக்கு மனிதர்களுக்கான சின்னக் குப்பிகள் ஐந்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். சீட்டும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அந்த விவசாயி மேல் எனக்குக் கோபமில்லை. எழுந்திருக்காத மாட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? விற்றவருக்குத் தெரியும்.

சரி, காட்டெருமை. அது எருமையே இல்லை, காட்டுமாடு. காபிச் செடியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன். அதற்கு முன், உங்கள் வீட்டில் மாடு இருந்தால் மருத்துவரிடம் வலிக்கு மெலாக்சிகாம் என்ற மருந்தைக் கேளுங்கள். அதைப் போட்ட மாட்டைத் தின்றால் பாறு சாகாது.