சொனோமாவில் குடியேறலாமா?

அன்புள்ள சார்,

கலிஃபோர்னியாவின் வைன் ஊரான சொனோமா பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துவிட்டு, போன அக்டோபரில் நானும் மனைவியும் ஒரு வார இறுதிக்கு வந்து தங்கினோம். சதுக்கத்தில் மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது, "பேசாமல் இங்கேயே வந்துவிடலாமே" என்றாள். இதே மாநிலத்து ஃப்ரீமான்ட்டில் இருபத்திரண்டு வருடம் ஓட்டியாயிற்று. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். எனக்கு அடுத்த வருடம் ஓய்வு. ஆனால் இரண்டு சந்தேகம். நாங்கள் இருவரும் குடிப்பதில்லை. வைனை நம்பிப் பிழைக்கும் ஊரில் எங்களுக்கு என்ன வேலை? அப்புறம், பார்க்க அழகாக இருக்கும் அந்தப் பழைய ஊர் நிஜமான ஊர்தானா, சுற்றுலாக்காரர்களுக்காக வைத்திருக்கும் கொலுவா? மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆர்., ஃப்ரீமான்ட்

அன்புள்ள ஆர்.,

முதல் சந்தேகம் சுலபம். நானும் குடிப்பதில்லை. 2014-ல் இங்கே வந்தேன். இதுவரை யாரும் என்னைத் தள்ளிவைக்கவில்லை. சதுக்கப் பூங்காவில் பகல் நேரத்தில் வைன் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட அனுமதி உண்டு. குடிப்பது இங்கே ஒளித்துச் செய்கிற காரியம் இல்லை என்பதால், குடிக்காதவனையும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தண்ணீர் டம்ளரோடு மூன்று மணி நேரம் விருந்தில் உட்காரலாம். என்ன, பேச்சு முழுக்க மழை, மண், கொடி என்றுதான் இருக்கும். எனக்கு அது பழகின பேச்சு. நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். பந்தலில் தொங்கும் பன்னீர்த் திராட்சைக்கு அடியில் குனிந்து நடந்து வளர்ந்தவன். அங்கே வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும். இங்கே வருடத்துக்கு ஒரே ஒரு விளைச்சல். அதனால்தான் இந்த ஊருக்கு இத்தனை பதற்றம்.

நீங்கள் வந்த மாதம்தான் தப்பு. அக்டோபரில் கொடிகள் மஞ்சளும் சிவப்புமாக மாறி, வெயில் சாய்வாக விழும்போது யாருக்குத்தான் இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றாது? மார்ச், ஏப்ரலில் வந்து ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்கள். துளிர் விட்ட நேரத்தில் உறைபனி விழுந்தால் அந்த வருடத்து வருமானம் கருகிப்போகும். அதனால் தோட்டங்களில் உயரமான கம்பத்தின்மேல் பெரிய விசிறிகள் நிறுத்தியிருப்பார்கள். மேலே இருக்கும் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளிக் குளிரோடு கலக்கும் வேலை அதனுடையது. விடியற்காலை இரண்டு மணிக்கு அது ஓட ஆரம்பித்தால் வீட்டுக் கூரைமேல் ஹெலிகாப்டர் இறங்குவதுபோல இருக்கும். முதல் வருடம் நான் வேட்டியோடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன். எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னலைத் திறந்து பார்த்து, சிரித்துவிட்டு மூடிக்கொண்டார். (இதே ஊரில் தோட்டத்து இலையை ஊதித் தள்ளும் பெட்ரோல் இயந்திரத்தைச் சத்தம் அதிகம் என்று தடை செய்திருக்கிறார்கள். பயிருக்கான சத்தம் வேறு, பொழுதுபோகாத சத்தம் வேறு போல.)

அப்புறம் கந்தகத் தூள். கொடியில் சாம்பல் நோய் வராமலிருக்க அடிப்பது. ஆகஸ்ட் கடைசியில் பறிப்பு தொடங்கினால், ராத்திரியில் விளக்கு கட்டிய டிராக்டர்கள். பழம் குளிர்ச்சியாக இருக்கும்போதே பறித்து ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக. செப்டம்பரில் சில தெருக்களில் நடந்தால் பழம் புளிக்கும் வாசனை மூக்கைத் துளைக்கும். இட்லி மாவு பொங்கி வழிந்த சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பத்து மடங்கு. குடிக்காத எனக்கு இந்த ஊர் வைன் அந்த வாசனையாகத்தான் தெரியும். அதுவே போதுமானதாக இருக்கிறது.

கொலுவா என்று கேட்டீர்கள். கொஞ்சம் கொலுதான். சதுக்கத்தைச் சுற்றி வைன் ருசி பார்க்கும் கடைகள் பெருகிவிட்டன. ஆணி வாங்க வேண்டுமென்றால் வண்டி எடுக்க வேண்டும். ஆனால் அந்தச் சதுக்கம் வேடிக்கைக்காகப் போட்டதல்ல. 1835-ல் இது மெக்சிகோவின் நிலமாக இருந்தபோது, வடக்கு எல்லைக்குப் பொறுப்பாக இருந்த ராணுவத் தளபதி வயேஹோ அளந்து போட்ட எட்டு ஏக்கர் மைதானம். நடுவில் இருக்கும் நகர மன்றக் கட்டடம் 1908-ல் கட்டியது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி முகப்பு. எந்தப் பக்கத்துக் கடைக்காரரும் தனக்கு முதுகு காட்டிவிட்டார்கள் என்று கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவாம். இது ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம். சின்ன ஊர்களின் கோபங்களை அறிந்தவன் என்பதால் நான் நம்புகிறேன்.

சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில், பழங்குடியினரைக் கிறிஸ்தவத்துக்கு மாற்றப் பாதிரியார்கள் அமைத்த மிஷன் கோயில் ஒன்று இருக்கிறதே, உள்ளே போனீர்களா? 1823-ல் தொடங்கியது, கலிஃபோர்னியாவின் 21 மிஷன்களில் கடைசி. இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் திராட்சைக் கொடி நட்டவர்கள் அங்கிருந்த பாதிரியார்கள்தான். பக்கவாட்டுத் தெருவில் ஒரு கருங்கல் சுவர் நிற்கிறது. அந்த மிஷனில் இறந்துபோன 800-க்கும் மேற்பட்ட பழங்குடியினரின் பெயர்கள் அதில். எல்லாம் ஞானஸ்நானத்தில் சூட்டிய பெயர்கள். அவர்களைப் பெற்றவள் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பதற்கு அந்தச் சுவரில் இடமில்லை. ஐஸ்கிரீமோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய ஊர் என்று நாம் கொஞ்சுகிற எதற்கும் இப்படி ஒரு பக்கச்சுவர் இருக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் நடக்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

கோமாளித்தனமான சரித்திரமும் உண்டு. 1846 ஜூன் 14 விடியற்காலையில் முப்பது பேர் அளவில் அமெரிக்கக் குடியேறிகள் வந்து வயேஹோவை எழுப்பிக் கைது செய்தார்கள். அவர் வந்தவர்களை உட்காரவைத்து பிராந்தி ஊற்றிக் கொடுத்தார். இவர்கள் ஒரு துணியில் கரடி வரைந்து, சதுக்கத்தில் ஏற்றி, கலிஃபோர்னியா குடியரசு என்று அறிவித்தார்கள். பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. அந்தக் குடியரசு நீடித்தது 25 நாள். ஆனால் மாநிலக் கொடியில் இன்றும் கரடி நிற்கிறது.

வைன் கதையும் ஒரு நேர்க்கோடு அல்ல. 1857-ல் இங்கே புவேனா விஸ்டா ஆலையை ஆரம்பித்த ஹரஸ்தி என்கிற ஹங்கேரிக்காரர், 1861-ல் ஐரோப்பா போய் ஒரு லட்சம் கொடித்துண்டுகள் வரை கொண்டுவந்தார். பிறகு நிகராகுவாவில் ஆற்றங்கரையில் காணாமல் போனார். முதலை தின்றது என்பார்கள். 1873-ல் வேரை உறிஞ்சும் ஃபில்லாக்செரா பூச்சி கலிஃபோர்னியாவிலேயே முதன்முதலாக இங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. கொடிகள் பட்டுப்போய், அமெரிக்கக் காட்டுக்கொடி வேரில் ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். அதற்கப்புறம் 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. தேவாலயப் பூசைக்கு வைன் செய்து கொடுத்துத் தாக்குப்பிடித்த ஆலைகள் கொஞ்சம்தான்.

சரி, கஷ்டங்கள். 2017 அக்டோபர் 8 ராத்திரி காற்றில் தீ பரவியபோது சொனோமா ஊர் தப்பியது, பக்கத்தில் கிளென் எலனிலும் கென்வுட்டிலும் வீடுகள் போயின. ஈரமான கொடிகள் எளிதில் பற்றாததால் சில இடங்களில் தீ தோட்டத்து ஓரத்தில் வந்து தணிந்தது. நாங்கள் பாஸ்போர்ட்டையும் மாமியாரின் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஒன்பது நாள் கழித்துத் திரும்பினால் தலையணையிலெல்லாம் புகை வாசனை. இப்போதும் அக்டோபர் வந்தால் காரில் பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. வீட்டுக் காப்பீடு கிடைக்குமா என்பதை வீடு பார்க்கும் முன்பே விசாரியுங்கள். வாங்கிய பிறகு அல்ல.

வீட்டு விலை, ஃப்ரீமான்ட் வீட்டை விற்று வருகிற உங்களால் தாங்க முடியும். கொடி கவாத்து செய்து பழம் பறிக்கிற மெக்சிகோக்காரர்களால் முடியாது. பெரும்பாலோர் தூரத்திலிருந்து வண்டியில் வருகிறார்கள், அல்லது ஒரு வீட்டில் மூன்று குடும்பமாக நெருக்கி இருக்கிறார்கள். ஊரை இன்னும் ஊராக வைத்திருப்பவர்கள் அவர்கள். எனக்கு இது வந்த நாள் முதல் உறுத்துகிறது.

தமிழ்ப் பேச்சு அநேகமாக உங்கள் வீட்டுக்குள் மட்டும்தான். கறிவேப்பிலைக்குத் தொட்டியில் செடி வையுங்கள், உறைபனி ராத்திரியில் உள்ளே தூக்கிவையுங்கள். லிவர்மோரில் இருக்கும் சிவா-விஷ்ணு கோயிலுக்கு ஃப்ரீமான்ட்டிலிருந்து சட்டென்று போய் வந்தது மாதிரி இங்கிருந்து முடியாது. சனி, ஞாயிறுகளில் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டும்போது பால் வாங்கக்கூடப் போகாமலிருக்கக் கற்றுக்கொள்வீர்கள்.

வாங்க வேண்டாம், முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். பிப்ரவரியில் வாருங்கள். கவாத்து முடிந்து கொடிகள் வெறும் கட்டையாக நிற்கும், வரிசைகளுக்கு நடுவே காட்டுக் கடுகு இடுப்பளவுக்கு மஞ்சளாகப் பூத்திருக்கும், சதுக்கத்து பெஞ்சுகள் மழையில் நனைந்து காலியாகக் கிடக்கும். உங்கள் மனைவியை அந்த பெஞ்சில் உட்காரவைத்து இன்னொரு தடவை கேளுங்கள். குடையும், உட்காரத் துணியும் நான் கொண்டுவருகிறேன்.