விளையாடாத நாளுக்கும் காசா?

கேள்வி: ஆன்லைன் கேம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். முதல் 30 நாள் முடிந்ததும், மாதச் சந்தா கட்டினால்தான் உள்ளே விடுவேன் என்கிறது. நான் ஆடுவதே சனி, ஞாயிறுதான். ஆடாத நாட்கள் கணக்கில் மிச்சம் இருக்குமா? ஆறு மாதச் சந்தா மலிவாகத் தெரிகிறது, எடுக்கலாமா?

பதில்: இருக்காது. சந்தா ஓடுவது காலண்டர் கணக்கில். நாள் முழுக்க ஆடினாலும், ஒரு தடவைகூட லாகின் செய்யாவிட்டாலும் 30 நாள் 30 நாள்தான். ஆடிய நேரத்துக்கு மட்டும் காசு பிடிக்கும் முறையும் இருந்தது. சீனாவில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ பல வருடங்களாக 30 யுவானுக்கு 4000 நிமிடம் என்று விற்றது. வெளியே வந்துவிட்டால் மீட்டர் நின்றுவிடும். உங்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும், ஆனால் 2016-ல் அங்கேயும் மாதச் சந்தாவுக்கு மாறிவிட்டார்கள்.

ஆறு மாதச் சந்தாவுக்கு வருவோம். அதே கேமின் அமெரிக்க விலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் கட்டினால் 14.99 டாலர். ஆறு மாதத்துக்கு மொத்தமாக 77.94, அதாவது மாதம் 12.99. பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஆனால் ஐந்து மாதம் தனித்தனியாகக் கட்டினால் ஆவது 74.95. ஆறாவது மாதமும் ஆடினால்தான் உங்களுக்கு 12 டாலர் மிச்சம். ஐந்தாவது மாதத்திலேயே சலித்துப்போனால், தள்ளுபடி வாங்கியும் நஷ்டம். வார இறுதியில் மட்டும் ஆடுபவர் இடையில் ஒரு மாதமாவது விடாமல் இருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. பரீட்சை, ஊர்ப் பயணம், வேறொரு கேம், ஏதாவது வந்துவிடும்.

அதனால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கட்டிய கையோடு தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான கேம்களில் கட்டிய நாட்கள் முடியும்வரை கதவு திறந்தே இருக்கும், அடுத்த மாதம் அட்டையிலிருந்து பணம் போகாது. கேமை அழித்துவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அழித்த பிறகும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். இது மொபைல் கேமுக்கும் பொருந்தும். அட்டை விவரமே கொடுக்க மனமில்லை என்றால் முன்கட்டண நேர அட்டை வாங்கலாம், அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது.

சந்தா விட்டுப்போனால் கதாபாத்திரம் அழிந்துவிடுமோ என்ற பயம் பொதுவாகத் தேவையில்லை. கேமுக்குள் வீடு வாங்கியிருந்தால் மட்டும் கவனம். ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’-ல் வழக்கமான விதிப்படி 45 நாள் வீட்டுக்குள் கால் வைக்காவிட்டால் இடித்துவிடுவார்கள்!

கேள்வி: கேமுக்குள் சேர்த்த தங்கத்தை வைத்தே சந்தா கட்டலாமாமே?

பதில்: சில கேம்களில் முடியும். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் 2015 முதல் டோக்கன் இருக்கிறது. ஒருவர் 20 டாலர் கொடுத்து டோக்கன் வாங்கி, கேமின் ஏலச் சந்தையில் தங்கத்துக்கு விற்பார். அதை வாங்குபவருக்கு 30 நாள் கிடைக்கும். உங்களுக்கு இலவசம் மாதிரி தெரியும், கம்பெனிக்கோ 15 கிடைக்கிற இடத்தில் 20. நேரம் நிறைய இருப்பவருக்கு நல்ல வழி. வாரத்தில் இரண்டே நாள் ஆடுபவருக்கு அந்த இரண்டு நாளும் தங்கம் பொறுக்குவதிலேயே போய்விடும். கேமுக்கு வெளியே யாராவது மலிவாகத் தங்கம் விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், கணக்கையே முடக்கிவிடுவார்கள்.