ஆங்கிலப் பாடல் தலைப்பில் எது கேப்பிடல், எது ஸ்மால்?

நண்பரே, நீங்கள் எழுதிய ‘லெட் இட் பி’ (Let It Be) பாடல் தலைப்பில் ‘இட்’, ‘பி’ இரண்டையும் ஸ்மால் எழுத்தில் தொடங்கியதுதான் பிழை. எழுத்தை எண்ணாதீர்கள், சொல்லின் வகையைப் பாருங்கள். ‘இட்’ பிரதிப்பெயர், ‘பி’ வினைச்சொல். எவ்வளவு குட்டிச் சொல்லானாலும் கேப்பிடல்தான். ஏ, தி, அண்ட், ஆஃப் போன்றவை நடுவில் வந்தால் மட்டும் ஸ்மால். முதல், கடைசிச் சொற்கள் எப்போதும் கேப்பிடல்.

‘ஃப்ரம்’ (from) போன்ற நான்கெழுத்து முன்னிடைச்சொல்லில்தான் (preposition) தகராறு: சிகாகோ, ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) என்ற இரண்டு ஆங்கில எழுத்து நடைக் கையேடுகளில், சிகாகோ நடையில் ஸ்மால், ஏபி நடையில் கேப்பிடல். எந்த நடை வேண்டும் என்று பதிப்பாசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.

சிகாகோ என்றால் ‘ஹியர் கம்ஸ் தி சன்’ போன்ற பாடல் தலைப்பு இரட்டை மேற்கோளுக்குள், அது வந்த 1969 ஆல்பம் ‘அபே ரோடு’ சாய்வெழுத்தில். மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒவ்வொரு சொல்லையும் கேப்பிடலாக்கும் வசதி ‘தி’யையும் மாற்றிவிடும், அதைக் கையால் திருத்துங்கள்.