தேவர் தீவும் எதிர்க்கரையும்

அண்ணா வணக்கம்,

நான் நகரி பக்கம். வீட்ல தமிழ், படிச்சதெல்லாம் தெலுங்கு மீடியம், தமிழ் எழுத்து ஆயா சொல்லிக்குடுத்தது, அதனால தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. ரொம்ப நாளா ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிட்டிருக்கேன். கடல் நடுவுல ஒரு தீவு, அந்த உலகத்தோட பன்னெண்டு சாமியும் அங்கதான் குடியிருக்குது. ஒவ்வொரு சாமிக்கும் தனி மாளிகை, தனி நிறம், தனி சக்தி, மேப் கூட வரைஞ்சுட்டேன். ஆனா படிச்ச ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் தீவு வர்ற சாப்டரை மட்டும் தள்ளிட்டுப் போறாங்க, செட்டு போட்ட மாதிரி இருக்குதாம். எங்கம்மா வெள்ளிக்கிழமை ஆனா மணித்வீப வர்ணன படிப்பாங்க, தேவி குடியிருக்கற தீவ பத்தினது, அதுலயிருந்து கொஞ்சம் எடுத்திருக்கேன், அது தப்பாயிடுமா? தமிழ்ல இந்த மாதிரி தீவு ஏதாவது இருக்குதா? புக்குக்கு முன்னாடி மேப் போடலாமா? சாப்டரை இதோட அனுப்பியிருக்கேன். பேர் போட வேணாம்ணா.

*

தம்பிக்கு,

சாப்டரை ரெண்டு தடவ படிச்சேன். உன் ஹீரோ படகுல ஏறுறான், அடுத்த பாராவுல எறங்குறான், அப்புறம் பன்னெண்டு மாளிகையையும் வரிசையா சுத்திப்பாக்குறான். அவனை யாரும் தடுக்கல, எங்க வந்தேன்னு கேக்கல, அவன்கிட்டயிருந்து ஒண்ணும் வாங்கிக்கல. ஃப்ரெண்ட்ஸ் தள்ளிட்டுப் போறதுக்கு அதான் காரணம்னு எனக்குத் தோணுது. மாளிகை எவ்வளவு பெருசுன்னு சொல்றதால ஒரு தீவு சாமியோட தீவா ஆயிடாது தம்பி. அங்க எதுக்கெல்லாம் அனுமதி கிடையாது, அந்தக் கட்டுப்பாட்டோட பாரத்த எதிர்க்கரையில யார் சுமக்கறாங்க, இந்த ரெண்டையும் நீ முடிவு பண்ணிட்டா மாளிகைய பத்தி நாலு வரி போதும்.

நெஜமாவே இருந்த ஒரு சாமி தீவைப் பாரு, கிரேக்கத்துல டெலோஸ்னு. அவங்க சாமி அப்பல்லோ பொறந்த எடம்னு நம்பினாங்க. அவனைப் பெத்த லேட்டோவுக்கு பிரசவத்துக்கு எடம் குடுக்க எந்த மண்ணும் பயந்துச்சாம், கடல்ல மெதந்துட்டு இருந்த இந்த சின்னத் தீவு மட்டும்தான் வான்னு சொல்லுச்சாம். அந்தத் தீவுல கி.மு. 426-ல ஏதென்ஸ்காரங்க ஒரு சட்டம் போட்டாங்க, இனிமே இங்க யாரும் சாகக்கூடாது, யாரும் பொறக்கவும் கூடாதுன்னு. அங்க இருந்த சமாதியெல்லாம் தோண்டி எடுத்தாங்க. சாகக் கெடக்கறவங்களையும் பிரசவ வலி வர்ற பொம்பளைங்களையும் பக்கத்துல இருக்கற ரெனியாங்கற தீவுக்கு படகுல கொண்டுபோகணும். அதுக்கு நாலு வருஷம் கழிச்சு, தீவோட சொந்த ஜனங்களையே சுத்தம் பத்தலேன்னு மொத்தமா வெளிய அனுப்பிட்டாங்க. ரெனியா எவ்வளவு கிட்டன்னா, அதுக்கும் முன்னாடி பாலிக்ரடீஸ்னு ஒரு சர்வாதிகாரி அதை அப்பல்லோவுக்கு காணிக்கையாக்கறேன்னு டெலோஸோட சங்கிலி போட்டுக் கட்டினதா பழைய சரித்திரத்துலயே இருக்குது. யோசிச்சுப் பாரு, ஒரு தாய்க்கு பிரசவத்துக்கு எடம் குடுத்ததாலதான் அந்தத் தீவுக்கே மதிப்பு, அங்க குடியிருக்கற ஒருத்திக்கு வலி வந்தா அவ படகு ஏறணும். படகு தள்ளறவன் யாரு, ராத்திரி காத்தடிச்சா என்ன பண்ணுவாங்க, பாதி வழியில கொழந்த பொறந்துட்டா அது எந்தக் கரையோட கொழந்த? இதுல ஒரு நாவலே இருக்குது.

ஜப்பான்ல ஒகினோஷிமான்னு ஒண்ணு, அங்கயிருந்து ஒரு கூழாங்கல்லக்கூட வெளிய எடுத்துட்டு வரக்கூடாது. அந்த ஒத்தை ரூல் போதும், அந்த மண்ணு மேல நமக்கு ஒரு பயம் வந்துடுது.

இப்ப உங்கம்மா படிக்கறதுக்கு வர்றேன். அது தேவி பாகவதத்துல பன்னெண்டாவது ஸ்கந்தத்துல வர்ற வர்ணனையிலயிருந்து வந்தது. அதுல அமுதக்கடல் நடுவுல தேவியோட தீவு, மதிலுக்குள்ள மதிலா போவுது. இரும்பு, வெண்கலம், செம்பு, ஈயம், பித்தளை, பஞ்சலோகம், வெள்ளி, தங்கம், அப்புறம் புஷ்பராகத்துல ஆரம்பிச்சு ரத்தின மதில்கள், கடைசியில தேவியோட வீடு, சிந்தாமணி கிருகம். நீ கேக்கலாம், இதுலயும் மாளிகை லிஸ்ட்தானே இருக்குது, இது மட்டும் எப்படி சலிக்கல? மொத மதில்லயே பாரு, தேவிய பாக்க தேவருங்க விமானத்தோட வந்து நெருக்கியடிச்சு நிக்கறாங்க, குதிரை கனைக்குது, மணி அடிக்குது, தேவியோட ஆளுங்க பிரம்ப வெச்சு ஒழுங்கு பண்றாங்க, அந்த சத்தத்துல ஒருத்தர் பேசறது இன்னொருத்தர் காதுல விழல. ஆடிக் கிருத்திகைக்கு திருத்தணி மலைப்படியில நின்னிருப்பியே, அப்பேர்ப்பட்ட கும்பல். சாமிங்களே கியூவுல நிக்கறப்ப உள்ள இருக்கறவ யாருன்னு தனியா சொல்லணுமா?

அப்புறம் செம்பு மதிலத் தாண்டினா கற்பக மரத்தோட்டம், அங்க எப்பவும் வசந்தம். ஈய மதிலுக்கு உள்ள கோடை, பித்தளைக்கு உள்ள மழைக்காலம், இப்படி தங்க மதில் தாண்டி கடம்ப வனத்துல சிசிரம், அதாவது பின்பனிக்காலம் வரைக்கும் ஆறு பருவமும் ஆறு தோட்டமா இருக்குது. நமக்கு ஒரு வருஷம் ஆகறது அங்க ஒரு நடை. வெளிய காலமா இருக்கறது உள்ள எடமா மாறிடுது, இந்த மாதிரி ஒரே ஒரு யோசனை உன் தீவுல இருந்தா பன்னெண்டு கலரும் தேவையில்ல.

எடுத்தது தப்பான்னு கேட்டே. இந்த நடக்கற விதத்த எடுத்துக்கோ, மதில் மதிலா வாசகனை நிறுத்தி நிறுத்தி உள்ள கூட்டிட்டுப்போற அந்தப் பொறுமைய எடுத்துக்கோ, அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா சிந்தாமணி கிருகத்தையும் அந்த தேவியையும் பேர மாத்தி உன் பன்னெண்டு சாமியில ஒண்ணா வெச்சு சண்டைபோட விட்டிருக்கியே, அத எடுத்துடு. யாராவது கோவிப்பாங்கன்னு நான் சொல்லல. புது வீடு கட்டறப்ப இத படிக்கணும்னு அந்த நூலே சொல்லுது, நம்ம பக்கம் சொந்த வீடு அமையணும்னு வேண்டிக்கிட்டு வாடகை வீட்ல உக்காந்து படிக்கற பொம்பளைங்க எத்தனையோ பேர். அவங்களுக்கு அது கதைக்கான சரக்கு இல்ல, அன்னாட நம்பிக்கை. அதுல கைவெக்காம எழுத உன்னால முடியும்.

தமிழ்ல இருக்குதான்னா, இருக்குது, மணிமேகலையில மணிபல்லவம். புகாருக்கு தெக்க முப்பது யோசனை தூரம். தூங்கிட்டிருந்த பொண்ண மணிமேகலா தெய்வம் தூக்கிட்டுப்போய் அங்க வெச்சுடுது. அவ கண்ணு முழிச்சதும் என்ன நெனைக்கறான்னு பாரு, இது நான் தூங்கின உவவனத் தோட்டத்துலயே நான் பாக்காத ஒரு மூலையோ, தோழி சுதமதிதான் எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு என்னை அழவைக்கறாளோன்னு நெனைக்கறா. தெய்வத் தீவுல மொத நிமிஷம் தோழி மேல கோவம்! அப்புறம் தேடித்தேடி, அப்பாவ நெனச்சு அழுது, அதுக்கப்புறம்தான் புத்தரோட ஆசனம், புத்த பீடிகை கண்ணுல படுது. அந்தப் பீடிகை மேல நல்ல வாசனப் பூவைத் தவிர மரம் வேற எதையும் உதிர்க்காது, பறவை பக்கத்துல வந்து சிறகடிக்காது. உன் ஹீரோ எறங்கினதும் பிரமிச்சுப் போறான்னு எழுதியிருக்கியே, அந்த எடத்துல இத வெச்சுப் பாரு.

அதே தீவுலதான் ஆபுத்திரன் சாகறான். அவன் கையில அமுதசுரபி, எவ்வளவு பேருக்குப் போட்டாலும் தீராத சோறு. சாவக நாட்டுல பஞ்சம்னு கேட்டு கப்பல் ஏறுறான், காத்து சரியில்லன்னு கப்பல் மணிபல்லவத்துல ஒரு நாள் நிக்குது, இவன் எறங்கறான், ஏறிட்டான்னு நெனச்சு கப்பல் போயிடுது. தீராத சோறு இருக்குது, பசிச்சவன் ஒருத்தனும் இல்ல. தனக்கு மட்டும் போட்டுத் தின்னு உயிர் வாழ அவனுக்கு மனசில்ல, பாத்திரத்த கோமுகிப் பொய்கையில விட்டுட்டு பட்டினி கெடந்து செத்துப்போறான். எனக்குத் தெரிஞ்சு தெய்வத் தீவ பத்தி யாரும் இதுக்கு மேல எழுதல. பசியே இல்லாத எடத்துல கருணைக்கு வேலையே இல்லைங்கறத சாத்தனார் ஒரு ஆள வெச்சு காட்டிட்டார். உன் பன்னெண்டு சாமிக்கும் சக்தி இருக்குது சரி, அந்த சக்தி தேவைப்படற ஜனங்க தீவுல இல்லைன்னா அதுங்க அங்க உக்காந்து என்ன பண்ணுதுங்க?

இன்னொண்ணும் கேட்டுக்கோ, சாமிங்க வர்றதுக்கு முன்னாடி அங்க யார் இருந்தாங்க? நம்ம பக்கத்துலயே ஒரு தீவு இருக்குது, ஸ்ரீஹரிகோட்டா. ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, இன்னொரு பக்கம் கடல். 1971-லயிருந்து அங்கயிருந்து ராக்கெட் போவுது. பழவேற்காட்டுக் கரையில நின்னு நான் பாத்திருக்கேன், நெருப்பு மேல ஏறி எவ்வளவோ நேரம் கழிச்சுதான் சத்தம் வந்து நெஞ்சுல இடிக்கும், புல்லரிச்சுப் போயிடும். ராக்கெட் விடற அன்னிக்கு அந்தப் பக்கம் கடலுக்குப் போகாதீங்கன்னு மீனவங்களுக்கு சொல்லிடுவாங்க, படகெல்லாம் கரையில கெடக்கும். ராக்கெட் வர்றதுக்கு முன்னாடி அந்தக் காட்டுல யானாதி ஜனங்க இருந்தாங்க, தேனும் கிழங்கும் எடுத்துப் பொழைச்சவங்க, அவங்கள வெளிய கொண்டுவந்துதான் அந்த எடமே உருவாச்சு. நான் நாட்டோட சாதனைய கொறச்சு சொல்லல, எனக்கு அதுல நெஞ்சு நிமிர்ந்த பெருமை. ஆனா வானத்துக்கு நெருப்பு அனுப்பற ஒரு தீவு, அதுக்காக வெளியேறின ஒரு ஜனம், அன்னிக்கு வலை காயப்போட்ட ஒரு கரை, இது மூணும் உன் வீட்லயிருந்து பஸ்ஸுல போற தூரத்துல இருக்கறப்ப நீ எதுக்கு எங்கயோ இருக்கற பனிமலைய பாத்து எழுதணும்?

அதனால ஒண்ணு பண்ணு. இந்த சாப்டர அப்படியே ஓரமா வெச்சுட்டு எதிர்க்கரை சாப்டர மொதல்ல எழுது. தீவுக்கு ஆள் கொண்டுபோற படகுக்காரன் குடும்பம், அவனுக்குக் கூலி யார் தர்றா, அவன் பொண்டாட்டி அங்க காலு வெக்கலாமா கூடாதா, அவன் தாத்தாவோட ஊரு அந்தத் தீவா இருந்து அத வாய விட்டு சொல்ல முடியாம இருக்கானா. உன் ஹீரோ அந்த வீட்ல கொஞ்ச நாள் சாப்பிட்டுட்டு அப்புறம் படகு ஏறட்டும்.

மேப் போடு, ஆனா எதிர்க்கரையிலயிருந்து பாத்தா எது தெரியுமோ அது மட்டும் அதுல இருக்கட்டும். பன்னெண்டு மாளிகையையும் மொத பக்கத்துலயே காட்டிட்டா உள்ள போறதுக்கு வாசகனுக்கு என்ன வேலை? தமிழ்ல தப்பிருக்கும்னு பயப்படாத, படகு வர்ற பக்கங்கள்ல உன் நகரித் தமிழ் நல்லா ஓடுது, அத மாத்தாத. புது சாப்டர் முடிஞ்சதும் அனுப்பு, படிச்சுட்டு எழுதறேன்.