பரம்பரையாக வரும் அட்ரினல் கட்டி: டாக்டரம்மாவிடம் கேட்டவை

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பதில் சொல்கிறார்.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: என் கணவருக்குத் திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு. ஸ்கேனில் சிறுநீரகத்துக்கு மேலே கட்டி. கருவாடு அதிகம் சாப்பிட்டதாலா, டாக்டரம்மா?

கருவாட்டு உப்பு பிரஷரை ஏற்றும், கட்டியை உண்டாக்காது. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் வரும் இந்தக் கட்டிக்கு ஃபியோகுரோமோசைட்டோமா என்று பெயர். இது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே மரபணுப் பிழை இருக்கிறது. அதனால் சொந்தத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றாலும் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று முக்கியம்: ஆபரேஷனுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே, ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஆல்பா பிளாக்கர் மாத்திரை தொடங்க வேண்டும். படபடக்கிறதே என்று அதற்கு முன்னால் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் கொடுத்தால் பிரஷர் எகிறிவிடும்.

தங்கச்சிமடம், கல்லூரி மாணவர்: செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானாலும் இந்தக் கட்டி வருதுன்னு படிச்சேன். அது பழுதானால் செல் செத்துத்தானே போகணும், மேடம்? கட்டியா எப்படி வளருது?

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருளை அடுத்த கட்டத்துக்கு மாற்றும் நொதி, சக்சினேட் டிஹைட்ரஜனேஸ். சிலருக்கு அதன் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுது. வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் மற்றப் பிரதியும் போய்விட்டால் நொதி நின்றுவிடும். லாரி வராத நாளில் ஏலக்கூடத்தில் மீன் குவிவது போல சக்சினேட் குவியும்.

குவிந்த சக்சினேட் செல்லை ஏமாற்றுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் செல்லை உஷார்படுத்தும் புரதம் ஒன்று உண்டு, ஹிஃப். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஒரு நொதி அதில் அடையாளமிடும், வி.எச்.எல் புரதம் அதைப் பிடித்து அழிக்க வைக்கும். இதைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 2019 நோபல் பரிசு. சக்சினேட் அந்த அடையாளமிடும் நொதியை முடக்கிவிடுகிறது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தும் செல் மூச்சுத் திணறுவதாக நம்பி, புது ரத்தக்குழாய்களை வரவழைத்து, பெருகத் தொடங்குகிறது. வி.எச்.எல் மரபணுவே பழுதானவர்களுக்கும் இதே கட்டி வருவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

தொண்டியிலிருந்து ஒருவர்: சித்தப்பாவுக்கும் எனக்கும் கழுத்தில் ஒரே மாதிரிக் கட்டி. ரிப்போர்ட்டில் எஸ்.டி.எச்.டி என்று இருக்கிறது. அத்தை பிள்ளைகள் மட்டும் எப்படித் தப்பித்தார்கள்?

கழுத்தில் வருவதும் அட்ரினல் கட்டியின் உறவுக் கட்டிதான். சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் நொதிக்கான மரபணுக்களில் 2000-ஆம் ஆண்டு இந்தக் கட்டிகளோடு முதலில் தொடர்புபடுத்தப்பட்டது எஸ்.டி.எச்.டி-தான். தகப்பன் வழியாக வந்தால்தான் கட்டி தரும். தாய் வழியாக வந்தால் மிக அபூர்வம். அத்தைக்கும் பிழை இருந்து, பிள்ளைகளுக்குப் போயிருக்கலாம். கட்டி மட்டும் பெரும்பாலும் வராது. ஆனால் அத்தை மகனுக்குப் பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளைக்கு அது தகப்பன் வழி. அதனால் அத்தை வீட்டார் தயவுசெய்து அலட்சியமாக இருக்க வேண்டாம். முதலில் அத்தைக்குப் பரிசோதனை செய்யுங்கள். அவருக்குப் பிழை இல்லையென்றால் பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

பாம்பனில் பாசி எடுக்கும் பெண்: விரலில் துணி சுற்றிக்கிட்டு மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறோம். காத்து குறைஞ்சா எங்களுக்கும் இந்தக் கட்டி வருமா அம்மா?

பயப்படாதீங்கம்மா. பெரு நாட்டு ஆண்டிஸ் மலை போன்ற உயரங்களில் ஆண்டுக்கணக்கில் காற்றழுத்தம் குறைவான இடத்தில் வாழ்பவர்களுக்குக் கழுத்துக் கட்டி அதிகம் வருவது உண்மைதான். முங்கி எழும் அந்தக் கொஞ்ச நேரம் அதற்கு ஈடல்ல. ஆனால் உங்களில் யாருக்காவது இந்தக் கட்டி இருப்பது தெரிந்தால், சிகிச்சை முடியும்வரை கடலில் இறங்க வேண்டாம். தண்ணீருக்குள் பிரஷர் எகிறினால் கைகொடுக்க ஆள் இருக்காது.

ஏர்வாடி: சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?

இல்லை. ஒரு பிரதி பழுதே போதும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பிழை போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் கணவன், மனைவி இருவரிடமும் இதே பிழை இருந்து, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வந்தால் மூளையைப் பாதிக்கும் கடுமையான நோய் வரலாம். பிழை உள்ள குடும்பத்துக்குள்ளேயே சம்பந்தம் பேசுகிறவர்கள் முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மண்டபம்: என் தம்பிக்கு எஸ்.டி.எச்.பி பிழை. அவன் மகளுக்கு ஏழு வயசு. இப்பவே பார்க்கணுமா?

பார்க்க வேண்டும். அதே நொதியின் இன்னொரு மரபணுவான எஸ்.டி.எச்.பி பழுதால் வரும் கட்டிகள்தான் மற்ற உறுப்புகளுக்குப் பரவும் அபாயம் அதிகமுள்ளவை. மகளுக்கு முதலில் மரபணுப் பரிசோதனை. பிழை இருந்தால் ஆண்டுதோறும் பிரஷரும், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினின் அளவும், இடைவெளி விட்டு எம்.ஆர்.ஐ. ரத்தம் எடுக்கும் முன் குழந்தையை அரைமணி நேரம் படுக்க வையுங்கள். உட்காரவைத்து எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும்.