மலையே இல்லாத சென்னையில் மலை ஓட்டத்துக்குப் பழகுவது எப்படி?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன், வயது 41. அரை மாரத்தானை இரண்டேகால் மணி நேரத்தில் முடிப்பேன். போன வருடம் ஒரு மலைப்பாதை ஓட்டத்தில் 15 கி.மீ. ஓடிவிட்டு, மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவித்தேன். மூன்று மாதம் கழித்து ஏற்காடு பக்கம் 30 கி.மீ. ஓட ஆசை. இந்தத் தட்டையான ஊரில் எப்படிப் பழகுவது? நீண்ட தூரம் ஓடினால், நிறையத் தண்ணீர் குடித்தும் தலைவலி வருகிறது.

பதில்: படி இறங்க முடியவில்லை என்கிறீர்கள் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. தசை நாரில் நுண்ணிய சேதம் உண்டாவது அப்போதுதான். வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்குப் போகும். தரமணி சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் தொடைக்கு இந்த வேலை கிடைக்காது. ஆனால் அளவாக ஒருமுறை இறங்கிப் பழகிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் பாதிகூட வலிக்காது. தசை அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை இருக்கிறது. உயரம் சுமார் 300 அடிதான், போதும். படிக்கட்டில் நடந்தே ஏறுங்கள், வண்டிப் பாதையில் ஓடி இறங்குங்கள். வாரத்துக்கு ஒரு நாள், முதல் வாரம் மூன்று முறை; பிறகு வாரம் ஒன்றாகக் கூட்டி எட்டு, பத்து வரை போகலாம். மேலே தேவாலயம் இருப்பதால் வழிபட வருபவர்கள் ஏறுவார்கள், அவர்களுக்கு வழிவிட்டு ஓடுங்கள். இறங்கும்போது காலை முன்னால் வீசிக் குதிகாலை ஊன்றாதீர்கள், அதுதான் முட்டிக்கு வினை. சின்னச் சின்ன அடி, வேகமான அடி. உடம்பு பின்னால் சாயக்கூடாது. பார்வை பாதத்தில் இல்லாமல் நாலைந்து அடி முன்னால். போக முடியாத வாரம் அடுக்குமாடிப் படிக்கட்டு போதும்: லிஃப்டில் ஏறி, படியில் இறங்குங்கள். வாட்ச்மேன் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். திருக்கழுக்குன்றத்துக்குப் போகச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கோயில் படியில் வெறுங்காலோடு ஓடி இறங்குவது தேவையில்லாத வம்பு.

கடைசிக் கடினமான இறக்கப் பயிற்சி ஓட்டத்துக்குப் பத்து, பன்னிரண்டு நாள் முன்பே முடிந்துவிட வேண்டும்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. பெசன்ட் நகர், திருவான்மியூர் கரையில் ஓடுவது கணுக்காலுக்கு நல்லது. ஆனால் ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போன வழியே திரும்பி ஓடினால்தான் இரண்டு காலுக்கும் சுமை சமமாகும்.

இப்போது தலைவலி. அதிகாலை ஐந்து மணிக்குச் சென்னையில் வெயில் இல்லை, ஆனால் காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, உப்பை மட்டும் கொண்டுபோகும். அதற்கு மேல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, இறங்கும்; தலைவலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை ஏறியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் மருந்துக்கடை ஓஆர்எஸ் பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். தலைவலியோடு வாந்தி, குழப்பம் வந்தால் ஆஸ்பத்திரிதான். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். நம்மூர்ப் புழுக்கத்தில் பழகியவருக்கு அந்தக் குளிர் சொர்க்கமாக இருக்கும், முதல் ஐந்து கிலோமீட்டரில் கால் தானாகப் பறக்கும். அங்கேதான் பலர் மாட்டுவார்கள். கி.மீ.க்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கைச் சென்னையிலேயே விட்டுவிட்டு, பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் நடங்கள். நன்றாக ஓடுபவர்களும் நடக்கத்தான் செய்கிறார்கள்.

ஆர்வத்தில் வார இறுதியில் நண்பர்களோடு ஏதாவது காட்டுப் பாதையில் நுழைந்துவிடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். நீங்கள் சேரும் ஓட்டத்தை நடத்துபவர்களிடமும் அனுமதி இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

ஷூ அரை அளவு பெரிதாக, அடியில் நல்ல பிடிமானத்தோடு இருக்கட்டும். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி விரல் இடிக்கும், அதனால் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். முந்தின இரவு வெட்டினால் ஓரம் உறுத்தும்.